ஜன்னலோரத்து வாடிக்கையாளர்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. உன் செடிகளைப் பற்றித்தான் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் எடுத்தால் அது மூன்று பேர் பேச்சாகிவிடுகிறது. நான் பேசுவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாதே, அதைச் சொல்லாதே என்று கண்ணால் மிரட்டுவார், நீ அந்தப் பக்கம் "என்னம்மா, என்னம்மா" என்பாய். கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. கண் மருத்துவமனையில் டாக்டர் வரும்வரை எனக்கு டோக்கன் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. பெரணி போய்விட்டது. நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று உன் அறைத் தொட்டிகளையெல்லாம் முன்னறை ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள்கூடப் பால் புட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். நான் பார்த்துக்கொண்டேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. இலை வாடினால் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு. தொட்டியிலிருந்து ஊறல் நாற்றம் வந்த பிறகுதான் உன்னிடம் கேட்டேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள் என்றாய். அதற்குள் வேரெல்லாம் கூழாகிவிட்டது. பட்டினி போட்டுச் சாகடித்திருந்தால்கூட மனசு ஆறும். ஊட்டி ஊட்டிச் சாகடித்திருக்கிறேன்.

மற்றவை இருக்கின்றன. மணி பிளான்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. பாம்புச் செடியை நான் என்ன செய்தாலும் அது கண்டுகொள்வதில்லை, அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை. சிலந்திச் செடிக்கு நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. நீ உயிரை வைத்திருக்கும் அந்த மெழுகுப்பூக் கொடி இருக்கிறது. நீ வாய் திறந்து சொல்லிவிட்டுப் போன ஒரே விஷயம் அதைப் பற்றித்தான். இலையே இல்லாமல் ஒரு மொட்டைக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைக் காய்ந்த குச்சி என்று நினைத்து ஒடித்துவிடாதீர்கள், பூ வந்தால் அதில்தான் வரும் என்றாய். நான் அந்தப் பக்கம் துணிகூடக் காயப்போடுவதில்லை.

இனி அப்பா விஷயம். பக்கவாதத்தில் போன பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது, வேண்டிய அளவுக்கு மேலேயே பேசுகிறார். கால் பரவாயில்லை, படி இறங்கி ஏறுகிறார். அந்த வலது கைதான். நீ மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போனபோது இருந்த மாதிரி துவண்டு கிடக்கவில்லை. இப்போது வேறு மாதிரி. விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன, விரிய மாட்டேன் என்கின்றன. பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள். அவள் படி இறங்கியதும் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். கேட்டால், "இவ்வளவு வருஷம் கத்திரி பிடிச்ச கைக்கு இப்ப பந்து விளையாட்டா" என்கிறார். அந்தப் பெண்ணுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் பந்துக்காரி.

நாற்காலியையும் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜன்னலில் நின்றால் எதிர்ச்சாரியில் நம் சலூனின் இழுத்து மூடிய ஷட்டர்தான் நேராகத் தெரியும். நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. சிலந்திச் செடிக்கு இலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று போனில் சொன்னாய் அல்லவா? கையால் தெளித்தால் தரையெல்லாம் குளமாகிறது. சலூனைக் கூட்டப் போனபோது கண்ணாடிக்குக் கீழே தலையில் தண்ணீர் அடிக்கிற அந்தப் பாட்டில் இருந்தது, எடுத்து வந்தேன். நேற்றுக் காலையில் ஜன்னலோரம் நின்று புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், அதற்கு மேல் முடியவில்லை. "என்ன நீ, தீயணைக்கிற மாதிரி அடிக்கிற? தள்ளிப் பிடிச்சு, பூவாட்டம் விழணும்" என்று எழுந்து வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

இடது கையால் அடித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. பாட்டிலை வலது கையில் வைத்து, அதன்மேல் இடது கையை வைத்து அமுக்கினார். பக்கவாட்டில் போய் என் புடவையில் விழுந்தது. மறுபடியும் அமுக்கினார். அன்றைக்கு டீ ஆறிப்போய் ஆடை கட்டியது, அவர் குடிக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சொன்னால் பிடிவாதம் பிடித்துக் கீழே வைத்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பெரணிக்காக என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா

* * *

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. மூடிக் கிடக்கிற சலூனை எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டிருப்பது, கட்டட உரிமையாளரும் போன் கடைக்காரர் ஒருவர் இடம் கேட்கிறார் என்று என்னிடம் சொல்லிவிட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் உன்னிடம் வந்துவிடலாம் என்கிறாய். அக்கறையில்தான் சொல்கிறாய். ஆனால் அந்தச் சாவியை அவர் கையால் கொடுக்கவைத்தால், அதோடு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், அப்புறம் உன் ஊர்ச் சுவராக இருந்தால் என்ன, இந்த ஊர்ச் சுவராக இருந்தால் என்ன? மாதக் கடைசிவரை பொறுக்கும்படி கட்டட உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார். நீயும் அதுவரை பொறு.

ஏன் பொறுக்கச் சொல்கிறேன் என்று கேள். அப்பாவின் நாற்காலி திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை. தண்ணீர் அடிக்க எழுந்து எழுந்து வருவது சிரமமாக இருக்கிறதென்று அவரே இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். முதல் நாள் தலையைக் குனிந்தபடியே இருந்தார். இப்போது நிமிர்ந்து பார்க்கிறார். ஷட்டரில் எவனோ நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டான் என்று நேற்று ஒரே திட்டு. போய்க் கிழித்துவிட்டு வா என்று என்னை விரட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, ஓடிப்போய்க் கிழித்தேன்.

இந்தத் தண்ணீர் பாட்டில் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதன் பிடியை அமுக்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் விரலைத் திருப்பித் தள்ளுகிறது. அமுக்குவது இவர் வேலை, விரிப்பது அதன் வேலை. பந்துக்காரி பார்த்துவிட்டு, "சார், இதத்தான் செய்யணும், இதையே செய்யுங்க" என்று பந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவருக்கு அதில் ஒரு வெற்றிக் களிப்பு. அன்று முழுவதும் எல்லாச் செடிக்கும் அபிஷேகம். பாம்புச் செடிக்கு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

செடி பார்ப்பதில் அவர் வைத்திருக்கும் முறையை நீ பார்க்க வேண்டும். தொட்டியை ஒரே பக்கமாக வைத்திருந்தால் வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும் அடர்ந்து, மறுபக்கம் மொட்டையாகப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு ஆளை எழுப்பி அனுப்பின மாதிரி இருக்கிறதாம். அதனால் எல்லாத் தொட்டியையும் தினமும் கொஞ்சம் கொஞ்சம் திருப்புகிறார், சலூன் நாற்காலியைத் திருப்புவதுபோல. திருப்பிவிட்டுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். அவற்றோடு பேசவும் செய்கிறார். அரசியல் பேசுகிறார். மறுத்துப் பேசாத வாடிக்கையாளர்கள் இப்போதுதான் கிடைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, நீதான் மிச்சம் என்றார்.

நடுவில் ஒரு ஆபத்து வந்தது. மணி பிளான்ட்டில் இலை சேருகிற இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. பார்த்தால் மாவுப்பூச்சி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் பிடித்துவிட்டது. தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்றேன். அப்பா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். சலூனிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வரச் சொன்னார். பஞ்சைச் சின்னதாகக் கிள்ளி, ஸ்பிரிட்டில் தொட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்தார். எந்தக் கையால் என்று நீயே புரிந்துகொள். எத்தனை பஞ்சு கீழே விழுந்தது என்று சொல்ல மாட்டேன், பெருக்கியது நான். வீடே ஞாயிற்றுக்கிழமைக் காலை சலூன் மாதிரி மணக்கிறது. இலைக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தாலும் இப்போது கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறார்.

இன்னொன்று, சிரித்துவிடுவாய். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கொஞ்ச நாளாக நம் வீட்டுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார். உட்கார்ந்து பேசும்போதும் கழற்றுவதில்லை. நேற்று அப்பா, "தொப்பிய எடு" என்றார். வெயிலுக்குப் போட்டிருக்கேண்ணே என்றார் அவர். "வீட்டுக்குள்ள என்னடா வெயில்" என்றதும் பாவம், எடுத்துவிட்டார். வேறு சலூனில் வெட்டியிருக்கிறார். டிப்போவில் முடியைப் பார்த்து அதிகாரி திட்டினாராம், அப்பாவுக்காக எத்தனை நாள்தான் காத்திருப்பது? அப்பா அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னந்தலையைப் பார்த்து, "படிக்கட்டு கட்டி வச்சிருக்கான், ஏறி மாடிக்குப் போகலாம்" என்றார். அப்புறம் அவரிடம் பேசவே இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். டிரைவர் கண் கலங்கிப் போனார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இந்த ஒரு வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றிக் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆனால் கத்திரியை அவர் தொடவில்லை. அதை மறைக்க மாட்டேன். பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. சிலந்திச் செடியின் பழுப்பு நுனிகளை வெட்டிவிடுங்களேன் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "தண்ணி அடிக்கிறது வேற, கத்திரி வேற" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் திருப்பினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டு, எடுத்து, விரல் விரியாமல் போய்விட்டால் அப்புறம் பாட்டிலையும் வைத்துவிடுவாரோ என்று பயம். மாதக் கடைசி நெருங்குகிறது. நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறேன். உன் மெழுகுப்பூக் கொடியில் அந்த மொட்டைக் காம்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியில் ஊசித்தலை மாதிரிப் புள்ளி புள்ளியாகத் திரண்டு நிற்கிறது. மொட்டுத்தான். நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. திறந்து பூத்த பிறகு கூப்பிட்டுக் காட்டி அவரை அசத்தலாம் என்று இருக்கிறேன்.

நீ தைரியமாக இரு. எனக்கும் கொஞ்சம் அனுப்பு.

அம்மா

* * *

என் கண்ணு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தடித்தால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். உன் மெழுகுப்பூக் கொடியின் மொட்டைக் காம்பு இப்போது இல்லை. மொட்டுகளோடு வெட்டியாகிவிட்டது. வெட்டியது உன் அப்பா. அதைப் பார்த்துவிட்டு நான் சந்தோஷத்தில் குதித்தேன். இனி கோபப்படுவதா வேண்டாமா என்பதை முழுவதும் படித்த பிறகு நீயே முடிவு செய்.

நடந்தது இது. வியாழக்கிழமை மருத்துவமனையில் கூட்டம் அதிகம், நான் வரத் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்தால் அப்பா தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் உன் கொடியை வைத்திருக்கிறார். தொட்டிக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "நல்லவேளை, நான் பாத்தேன். இல்லைனா எல்லாத்துக்கும் பரவியிருக்கும்" என்றார். என்ன என்று கேட்டேன். "பூச்சி முட்டை வச்சிருக்கு. ஒரு குச்சி நுனியில கும்பலா. அடியோட எடுத்துட்டேன்" என்று பெருமையாகச் செய்தித்தாளைக் காட்டினார்.

செய்தித்தாளில் உன் காம்பு கிடந்தது. நுனியில் அத்தனை மொட்டும் அப்படியே.

நீ எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஐயோ, அது மொட்டு, என் பிள்ளை ஒன்றே ஒன்று சொன்னான், அதையும் வெட்டிவிட்டீர்களே என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் வெட்டின இடத்தைப் பார்த்தேன். பிய்க்கவில்லை, நசுக்கவில்லை. கோடு போட்டதுபோல் ஒரே வெட்டு. சமையலறைக் கத்திரி அப்படி வெட்டாது, அது மொக்கை, கறிவேப்பிலையைக்கூட மென்று துப்பும். எதால் வெட்டினீர்கள் என்று கேட்டேன். சமையலறைக் கத்திரியால் முட்டையை நசுக்கினால் சிதறி எல்லாப் பக்கமும் போய்விடும், அதனால் அலமாரியைத் திறந்து தன் கத்திரியை எடுத்ததாகச் சொன்னார், சாதாரணமாக.

நான் மெதுவாகக் கேட்டேன், "எந்தக் கையால வெட்டினீங்க?"

அவர் இடது கையைப் பார்த்தார். அதில் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார், அப்போதும் விடவில்லை. அப்புறம் வலது கையைப் பார்த்தார். பெருவிரல் ஒரு வளையத்தில், மோதிர விரல் இன்னொரு வளையத்தில், கத்திரி அதன் இடத்தில் இருந்தது. யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனமாதிரி பார்த்தார். பூச்சிமேல் இருந்த ஆத்திரத்தில் எந்தக் கை என்று அவர் யோசிக்கவே இல்லை. நிதானமாக யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்.

"இன்னொரு தடவ" என்றேன். கத்திரியைக் காற்றில் பிடித்தார். மூடியது. திறக்கவில்லை. பெருவிரல் லேசாக நடுங்கியது, அப்புறம் திறந்தது. மறுபடி மூடியது, திறந்தது. கீழ் அலகு அசையவில்லை, மேல் அலகு மட்டும்தான் ஆடியது. முடி வெட்டுகிறவர்கள் பெருவிரலை மட்டும்தான் அசைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தச் சத்தம் வந்தது. ஒரு வருஷமாக நம் வீட்டில் கேட்காத சத்தம்.

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எழுந்து குதித்தேன், கீழ்வீட்டில் தட்டினார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூச்சி போனதற்கா இவ்வளவு என்றார். அப்புறம்தான் அது முட்டையில்லை, உன் மொட்டு என்று சொன்னேன். மனிதர் இடிந்துபோய்விட்டார். காம்பைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "எனக்குச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் காம்பு இருந்திருக்கும், கத்திரி அலமாரியில் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதற்கு நான் வருத்தப்படவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வீட்டில் எல்லாச் செடிக்கும் முடிவெட்டு. மணி பிளான்ட் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு ஒழுங்காகத் தோளுக்கு மேல் நிற்கிறது. சிலந்திச் செடியின் பழுப்பு நுனிகளை நேராக வெட்டாமல் இலையின் வடிவத்துக்குச் சாய்த்துச் சாய்த்து வெட்டியிருக்கிறார், வெட்டியதே தெரியவில்லை. பாம்புச் செடியில் வெட்ட ஒன்றும் இல்லாததால் அதைத் துடைத்துவிட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை முறைக்கிறார். வெட்டின துண்டுகளை நான் பெருக்கப் போனேன், விடவில்லை. கணு இருக்கிற துண்டையெல்லாம் பொறுக்கி, வீட்டில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் அத்தனையிலும் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டார். இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றுவதும் அவரே. நாங்கள் இப்போது ஸ்டீல் டம்ளரில்தான் தண்ணீர் குடிக்கிறோம்.

செடிக்கு வலித்தால் அது சொல்லாது, ஆள் சொல்லுவானே என்று மனுஷத் தலைக்கு மட்டும் பயந்தார். அதனால் நான் போய் ஜன்னலோரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். துண்டை நானே கழுத்தில் சுற்றிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் என் தலையில் கத்திரி வைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. வேண்டாம், கோணலாகிவிடும் என்றார். என்னை யார் பார்க்கப் போகிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் அடித்தார். பூவாட்டம்தான் விழுந்தது. நுனியை மட்டும் வெட்டினார், நடுவில் இரண்டு தடவை கை ஓய்ந்து நின்றார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் அந்த விரல்கள் முடியை ஒதுக்கும்போது எனக்கு என்ன தோன்றியது என்று உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் சரிசெய்யப் போவதில்லை.

டிரைவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, சுவர்தான் சொல்லியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொப்பி இல்லாமல் வந்து நின்றார். "அண்ணே, இந்தப் படிக்கட்ட இடிச்சுக் குடுங்க" என்றார். அப்பா அவரை இங்கே உட்கார வைக்கவில்லை. சாவியை எடுத்தார். மூன்று பேரும் இறங்கித் தெருவைத் தாண்டினோம். கூட்டப் போகும்போது நான் குனிந்து நுழைகிற அளவுக்குத்தான் ஷட்டரைத் தூக்குவேன், அதற்கு மேல் துருப்பிடித்து இறுகியிருந்தது. டிரைவர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், வலது கை மேலே. தூக்கினார்கள். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் பாதிப்பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வெட்டி முடிக்க வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆனது. டிரைவர் தூங்கிவிட்டார். முடித்துப் பின்னால் கண்ணாடி காட்டினார் அப்பா. டிரைவர் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அவரைக் கட்டிக்கொண்டார். எதிரே பெரிய கண்ணாடியில் நான் இரண்டு பேரையும் பார்த்தேன், என் முகத்தையும் பார்த்தேன், பல்லெல்லாம் தெரிந்தது. கட்டட உரிமையாளருக்கு அங்கிருந்தே போன் செய்து போன் கடைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை, வரும் சனிக்கிழமை தனக்கு வெட்ட முடியுமா என்று கேட்டார்.

பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதே. காலையில் கொஞ்ச நேரம்தான் திறக்கிறார். கத்தி எடுப்பதில்லை, முகச் சவரத்துக்கு இன்னும் நாளாகும் என்று அவரே எழுதி ஒட்டிவிட்டார். கை சோர்ந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் அடிக்கிறார். ஆம், செடிகள் பாதி அங்கே போய்விட்டன. கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக வைத்திருக்கிறார், கண்ணாடியில் இரண்டு வரிசையாகத் தெரிகிறது. சீப்பு வைக்க இடமில்லை. வேர்விட்ட டம்ளர்களை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார், சும்மா இல்லை, வகுப்பு எடுத்துவிட்டு. விரலை மண்ணில் விட்டுப் பார்க்கணும், தினமும் திருப்பணும், இலைக்கு அடியில் பார்க்கணும், முடியாதென்றால் இப்போதே வைத்துவிட்டுப் போ என்கிறார். அடுத்த தடவை வெட்ட வருகிறவரிடம் முதல் கேள்வி செடி எப்படி இருக்கிறது என்பதுதான். வாட விட்டவர்கள் சந்து வழியாகப் போகிறார்களாம். என் டோக்கன் மேசையிலும் ஒன்று நிற்கிறது. டாக்டரே கேட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

உன் கொடி மட்டும் வீட்டு ஜன்னலில்தான். அதை யாருக்கும் கிள்ளிக் கொடுப்பதில்லை. புதுக் காம்பு இன்னும் வரவில்லை. தினமும் காலையில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணுக்கணுவாகப் பார்க்கிறார். வெயில் கூடினால் திரையைப் பாதி இழுக்கிறார், குறைந்தால் விலக்குகிறார். நேற்று மணி பிளான்ட்டிடம் ஏதோ ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவர், இதன் பக்கம் திரும்பியதும் குரலைத் தணித்துக்கொண்டார். குற்ற உணர்ச்சி. இருக்கட்டும், செடிக்கு நல்லது.

கண்ணு, ஒன்று சொல்வேன், வருத்தப்படாதே. மருத்துவமனையில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நீ வராந்தாவில் போய் நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய், நாங்களும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டோம். இப்போது எப்படியாவது கிடைக்கச் செய். உன் பூவுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையை நீ ஒருதரம் பார்த்தால் போதும்.

நேற்றுச் சலூனை மூடிவிட்டு வந்தவர், உனக்குக் கடிதம் எழுதப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம், என்ன சொல்ல வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். கைகால் கழுவினார், வந்து உட்கார்ந்தார், மறுபடி யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். வருவதாக இருந்தால் அங்கே முடி வெட்டிக்கொண்டு வராதே என்றார். காதை மூடினாலும் பரவாயில்லையாம், கண்ணில் விழுந்தாலும் பரவாயில்லையாம். உன் ஆபீசில் யாராவது கேட்டால் கூச்சப்படாதே, எங்கள் அப்பா வெட்டுவார் என்று சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா